லாரி வருவதற்கு முன் தரையைப் பற்றி

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கொடைக்கானல் வீட்டுப் படங்கள் எல்லாம் பார்த்தேன். ஜன்னல், தோட்டம், கணப்பு எல்லாமே அழகுதான், ஆனால் என் கண் அந்தப் பலகைத் தரையை விட்டு நகரவே இல்லை. அந்த அகலத்தில், அந்த நீளத்தில் பலகை இனி சுலபமாகக் கிடைக்காது. வாடகை வீடுதானே என்று இருந்துவிடாதே. சென்னையிலிருந்து சாமான் வந்து இறங்கும் அந்த ஒரு நாளில்தான் தரைக்கு அதிக ஆபத்து, அதனால் இதை இப்போதே படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் காட்டு.

பீரோவின் கனம்தான் தரையைக் கெடுக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். கனமும் காரணம்தான், ஆனால் கீறலைப் போடுவது காலுக்கு அடியில் மாட்டிக்கொள்கிற மணல். எது எதைக் கீறும் என்று கடினத்தை எண்ணால் சொல்லும் மோஸ் அளவுகோலை நான் வகுப்பில் வருஷா வருஷம் நடத்தியது நினைவிருக்கிறதா? மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்குக் கடினம் 7, மார்பிளுக்கு 3 அளவுதான், மரத்துக்கு மேல் பூசிய வார்னிஷ் அதற்கும் முன்னால் நிற்காது. ஒரு மணல் துகள் மேல் பீரோ நின்று அதை ஓர் அடி இழுத்தால் போதும், கோடு விழுந்துவிடும். ஆகவே லோடு இறக்குவதற்கு முன் வாசலிலிருந்து அறை வரைக்கும் நன்றாகப் பெருக்கு, ஈரத்துணியை இறுகப் பிழிந்து ஒரு முறை துடை, வாசலில் சாக்கு போட்டு வை. அங்கே செருப்போடு செம்மண் எப்படி உள்ளே வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டியின் பீரோவைத் துணிமணியோடு தூக்கவே கூடாது. முழுக்கக் காலி செய்து, கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, நாலு பேராகத் தூக்கச் சொல். வாசல் குறுகலாக இருந்து தூக்க முடியாமல் போனால், ஒருவர் பீரோவை லேசாகப் பின்னால் சாய்க்க, இன்னொருவர் முன் கால்களுக்கு அடியில் பழைய கம்பளியை நாலாக மடித்துச் செருகட்டும், அப்புறம் அதே மாதிரி பின் கால்களுக்கும். பிறகு கீழ்ப்பக்கமாகப் பிடித்து, பலகை ஓடும் திசையிலேயே மெதுவாக இழுக்கலாம். கோணிச் சாக்கு வேண்டாம், அதன் இழைக்குள் என்ன மண் இருக்கும் என்று யாருக்குத் தெரியும். கடப்பாரையை நேராகத் தரையில் ஊன்றி நெம்ப யாரையும் விடாதே, அடியில் ஒரு பிளைவுட் துண்டாவது இருக்க வேண்டும்.

வைக்கும் இடத்தையும் பார்த்து வை. பலகையில் ஆணித் தலைகள் வரிசையாகத் தெரியும் இல்லையா, அந்த வரிசைக்குக் கீழேதான் தாங்கு சட்டம் ஓடுகிறது. சுவரோரமாக, கால்கள் அந்த வரிசை மேல் வருகிற மாதிரி நிறுத்து. துணியோடு பீரோ 120 கிலோ என்று வைத்துக்கொள், ஒரு காலுக்கு 30 கிலோ. கால் 3 சென்டிமீட்டர் சதுரம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் மூன்று கிலோவுக்கு மேல் அழுத்தும். அதே காலுக்கு அடியில் 10 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மரக்கட்டை வைத்தால் 300 கிராம்தான். கட்டைக்குக் கீழே ஃபெல்ட், அதாவது கெட்டியாக அழுத்திய கம்பளித் துணி மாதிரியானது, ஒட்டிவிடு. இன்னொரு லாபமும் உண்டு: ஐப்பசி, கார்த்திகை மழையில் இரும்புக் கால் துருப்பிடித்தாலும் கறை கட்டையோடு நின்றுவிடும், பலகையில் இறங்காது.

கடையில் நாற்காலிக்கு ரப்பர் புஷ் கொடுப்பார்கள். பலகைத் தரைக்கு அது வேண்டாம், ரப்பர் சில வார்னிஷோடு சேர்ந்து கறுப்பாகக் கறை விடும், தேய்த்தாலும் போகாது. மர நாற்காலிக்கும் கட்டிலுக்கும் ஃபெல்ட்தான் சரி. பசை தடவிய வகை நம்ம மலை ஈரத்தில் சீக்கிரம் நழுவிவிடும், அதனால் நடுவில் ஆணி வைத்த ஃபெல்ட்டாகப் பார்த்து அடி, ஆணித் தலை ஃபெல்ட்டுக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் காலின் அடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி, ஒரு நாள் தலைகீழாக விட்டுவிடு. மாதம் ஒரு முறை நாற்காலியைக் கவிழ்த்துப் பழைய டூத்பிரஷ்ஷால் ஃபெல்ட்டைத் தேய், அதில் மணல் ஏறிவிட்டால் ஃபெல்ட்டே உப்புத்தாள் ஆகிவிடும்.

உன் ஆபீஸ் நாற்காலியின் சக்கரம் கெட்டி நைலான், கார்பெட்டுக்கு ஆனது. மெத்தென்ற பாலியூரிதேன் சக்கரம் தனியாகக் கிடைக்கிறது, பெரும்பாலும் தண்டு 11 மில்லிமீட்டர்தான், ஆனாலும் அளந்து வாங்கு.

சமையலறையில் சிவப்பு ஆக்சைடு தரை என்றாய். ஃபிரிட்ஜை அங்கே இழுக்கவே வேண்டாம். மேலே இருக்கும் நிறப்பூச்சு மெல்லிசு, கீறினால் சிமென்ட் வெளுப்பாகத் தெரியும், எவ்வளவு கைதேர்ந்த கொத்தனார் வந்தாலும் பழைய நிறத்தோடு ஒட்டாது. வாஷிங் மெஷின் முன்பக்கம் திறக்கும் வகை என்பதால், பயணத்துக்காகப் பின்னால் போட்ட போல்ட்டுகளைக் கழற்றிய பிறகே ஓட்டு, இல்லையென்றால் ஆடி ஆடியே நகர்ந்துவிடும்.

கட்டில் கால், சாப்பாட்டு மேஜைக் கால், நாற்காலிக் கால், மூன்றையும் ஸ்கேல் வைத்து அளந்து வாட்ஸ்அப்பில் போடு. சனிக்கிழமை குன்னூர் பஜாருக்குப் போகிறேன், ஃபெல்ட்டை ஷீட்டாக வாங்கி நானே வெட்டி, ஆணியும் சேர்த்துக் கூரியரில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா