பேய் வீடுகளில் கேமரா தூக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நள்ளிரவில் பாழடைந்த கட்டடங்களுக்குள் டார்ச்சும் கேமராவுமாக நுழையும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் காணொளிகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, பயந்துகொண்டே கடைசிவரை பார்க்கிற ஆள் நான். பேய்க்கதையை நிறுத்துங்கள் என்று கேட்க வரவில்லை. பேய் உண்டா இல்லையா என்ற சண்டைக்கும் வரவில்லை. நீங்கள் போகிற இடங்களில் செத்துப்போனவர்கள் நம்மைப் போல வாழ்ந்த மனிதர்கள். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படி இறந்தார்கள் என்று பழைய பதிவேடுகளில் இருக்கிறது. காணொளியிலோ வேறொன்று ஓடுகிறது. என் மனக்குறை அதுதான்.

அமெரிக்காவின் லூயிவில் நகரில் இருக்கும் வேவர்லி ஹில்ஸ் காசநோய் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 63,000 பேர் இறந்தார்கள் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! அது 1910-ல் திறந்து 1961-ல் மூடப்பட்ட மருத்துவமனை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது வருடமும் ஒரு நாள் விடாமல், தினம் மூன்று பேருக்கு மேல் இறந்திருந்தால்தான் அந்த எண் வரும். சில நூறு படுக்கைகள் கொண்ட இடம் அது. பதிவுகளைத் தேடிப் பார்த்தவர்கள் சொல்லும் எண்ணிக்கை சில ஆயிரங்களில்தான் நிற்கிறது. சில ஆயிரம் உயிர் போதாதா நமக்கு? எதற்காக அதைப் பத்து மடங்காக்க வேண்டும்?

அங்கே இருக்கும் சுரங்கப்பாதைதான் உங்கள் எல்லோருக்கும் பிடித்த இடம். பிணங்களைத் தள்ளிவிட்ட சுரங்கம் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வீர்கள். குன்றின் அடியிலிருந்து சாமான்களும் ஊழியர்களும் மேலே வந்து போவதற்காக வெட்டிய பாதை அது. சாவு அதிகமானபோது உடல்களையும் அந்த வழியாக இறக்கினார்கள். படுக்கையில் கிடக்கும் மற்ற நோயாளிகள் கண்ணில் பிண வண்டி பட்டால் மனம் விட்டுவிடுவார்கள் என்ற கவலைதான் காரணம். மருந்தே இல்லாத காலத்தில் நல்ல காற்றுதான் வைத்தியம் என்று நம்பி, குளிரிலும் அவர்களைத் திறந்த தாழ்வாரங்களில் படுக்க வைத்திருந்தார்கள். அப்புறம் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து வந்தது, படுக்கைகள் காலியாகத் தொடங்கின. இதை ஒரு காணொளியிலாவது சொல்லியிருந்தால், அந்தச் சுரங்கத்தின் இருட்டு இன்னும் கனமாக இருந்திருக்கும்.

காசநோயில் கணவரைப் பறிகொடுத்தவர்தான் சேரா வின்செஸ்டரும். கலிபோர்னியாவில் அவர் கட்டிய சுமார் 160 அறைகள் கொண்ட வீட்டைக் காட்டாத சேனல் இல்லை. கணவர் குடும்பத்துக் கம்பெனி செய்த துப்பாக்கிகளால் செத்தவர்களின் ஆவிக்குப் பயந்து, ஆவிகளைக் குழப்பவே இரவு பகலாகக் கட்டினார் என்பது கதை. கைக்குழந்தையை 1866-லும் கணவரை 1881-லும் இழந்த பெண் அவர். அந்த வீட்டின் படிகள் அவ்வளவு தாழ்வாக இருப்பதற்கு அவருடைய மூட்டுவலிதான் காரணம். 1906 நிலநடுக்கத்தில் மேல்தளங்கள் இடிந்தன, அவற்றைத் திரும்பக் கட்டவில்லை. அதனால்தான் சில படிக்கட்டுகளும் கதவுகளும் எங்கும் போகாமல் நிற்கின்றன. கணவர் நினைவாகக் காசநோய் மருத்துவமனை அமையப் பெரும் பணம் கொடுத்தார். அவர் 1922-ல் இறந்தார். அடுத்த வருடமே வீடு டிக்கெட் போட்டுக் காட்டும் இடமாகிவிட்டது. பதில் சொல்ல அவர் இல்லை, அவருக்காகப் பேசப் பிள்ளைகளும் இல்லை. நூறு வருடமாக அவரைப் பைத்தியக்காரி என்கிறோம்.

லூயிசியானாவின் மிர்ட்டில்ஸ் பண்ணை வீட்டுக் கதை என்னை இதைவிடக் கோபப்படுத்துகிறது. க்ளோயி என்ற அடிமைப் பெண் கேக்கில் விஷம் வைத்து எஜமானியையும் இரண்டு குழந்தைகளையும் கொன்றாள், அவள் ஆவிதான் அலைகிறது என்கிறீர்கள். அப்படி ஒரு பெண் அங்கே இருந்ததற்குப் பதிவே இல்லை. அந்த அம்மாவையும் பிள்ளைகளையும் 1823, 1824-ல் கொண்டுபோனது மஞ்சள் காய்ச்சல். அந்த மண்ணில் உழைத்துச் செத்த உண்மையான அடிமைகள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இல்லாத ஒருத்தியைப் படைத்து அவளைக் கொலைகாரியாக்கி, தலைப்பாகையும் கட்டிவிட்டு, பயமுறுத்த நிறுத்தியிருக்கிறோம். தயவுசெய்து இந்தக் கதையை இப்படியே திரும்பச் சொல்லாதீர்கள்.

ராஜஸ்தானின் பான்கர் கோட்டைக்கும் ஒரு வார்த்தை. சூரியன் மறைந்த பின் நுழையக் கூடாது என்ற தொல்லியல் துறைப் பலகையைக் காட்டி, அரசாங்கமே பேயை ஒப்புக்கொண்டது என்கிறீர்கள். அந்தத் துறையின் பெரும்பாலான சின்னங்களுக்கும் அதே நேரக் கட்டுப்பாடுதான்.

ஜப்பானின் அவொகிகஹாரா காட்டை மட்டும் விட்டுவிடுங்கள். 864-ல் ஃபூஜி மலை கக்கிய எரிமலைக் குழம்பின் மேல் வளர்ந்த அழகான காடு அது. தனியாகத் துன்பப்படாதீர்கள், யாரிடமாவது பேசுங்கள் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். உள்ளே தங்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பலரின் தாய் தகப்பன் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அங்கே ஒருவரின் உடலைப் படம்பிடித்து 2017-ன் கடைசி நாளில் போட்ட காணொளியை நானும் அறிவேன். அன்றிலிருந்துதான் இந்த மடல் எனக்குள் கிடக்கிறது.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள், தீ மூட்டாதீர்கள். வீட்டில் காலடிச் சத்தம் கேட்கிறது, உருவம் தெரிகிறது, தலை வலிக்கிறது என்று தவித்த ஒரு குடும்பத்தைப் பற்றி 1921-லேயே ஒரு கண் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். பழுதான உலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு செய்த வேலை அது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. யாரோ நெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பயம்தான் வருகிறது.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு காணொளியிலும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். அந்த இடம் எப்போது, எதற்காகக் கட்டப்பட்டது, யார் இருந்தார்கள், பதிவு என்ன சொல்கிறது என்று சொல்லிவிட்டு, அப்புறம் கதைக்குள் போங்கள். பிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பயமுறுத்தும் இரவு நிகழ்ச்சிகளில் வந்த பணம் கட்டடத்தைக் காப்பாற்ற உதவியது. பகலில் போனால், 1829 முதல் அங்கே தனிமையில் அடைக்கப்பட்டவர்களின் வாழ்க்கையைக் கேட்கலாம். கூட்டம் குறைந்துவிடவில்லை.

பேய்க்கதையிலேயே எவ்வளவு பரிவு இருக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் இஷினோமாகி. 2011 மார்ச் 11 சுனாமியில் ஆயிரக்கணக்கானோரை இழந்த ஜப்பானிய ஊர். அங்கே ஒரு பல்கலைக்கழக மாணவி டாக்சி ஓட்டுநர்களைச் சந்தித்துப் பேசினார். அவர்களில் ஏழு பேர், வண்டியில் ஏறிய பயணி வழியிலேயே காணாமல் போனதைச் சொன்னார்கள். போகச் சொன்ன பகுதியில் இப்போது எதுவும் இல்லையே என்று ஓட்டுநர் சொன்னதும், "நான் செத்துவிட்டேனா?" என்று கேட்டாளாம் ஒரு பெண். மீட்டர் போட்டாகிவிட்டது, கட்டணத்தை ஓட்டுநர்களே கட்டிக்கொண்டார்கள். மறுபடி அப்படி ஒருவர் கை காட்டினாலும் ஏற்றிக்கொள்வோம் என்றார்கள்.

உங்கள் அடுத்த காணொளிக்காகக் காத்திருக்கும்,
ஒரு பார்வையாளர்