அடுத்த வரியை ஏன் விட்டாய்?

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மகனுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி முன்போலத்தான். இடது கண் ஆபரேஷனுக்குப் பிறகு பொடி எழுத்தும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அதனால் வந்த வினைதான் இந்தக் கடிதம்.

காலையில் ஊசிக்கோபுர ஆலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சபைப் பத்திரிகையில் வந்த உன் கட்டுரையைப் பற்றித்தான் பேச்சு. "கண் டாக்டரே சொல்லிட்டாரு சார், கண்ணு தானா உண்டாகலைன்னு" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்?

கடவுள் படைத்தார் என்று நீ எழுதியதில் எனக்கு வருத்தமில்லை. நானும் ஞாயிறுதோறும் எழுந்து நின்று அதைத்தான் அறிக்கையிடுகிறேன். டார்வின் விஷயம்தான் உறுத்துகிறது. கண் இயற்கைத் தேர்வால், அதாவது பிழைக்கத் தோதான சிறு மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து, உண்டானது என்பது படு அபத்தமாகத் தோன்றுவதாக அவரே ஒப்புக்கொண்டார் என்கிறாய். 1859இல் வந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகம், ஆறாம் அதிகாரம், நம் அலமாரியிலேயே இருக்கிறது. அப்படித்தான் எழுதியிருக்கிறார். அடுத்த வரியை ஏன் விட்டாய்? எளிய கண்ணிலிருந்து சிக்கலான கண்வரை படிகள் இருந்து, ஒவ்வொரு படியும் அந்த உயிருக்குப் பயன்பட்டிருந்தால், இது தடையே அல்ல என்கிறாரே. வேதத்திலும்தான் "தேவன் இல்லை" என்று இருக்கிறது. அதைச் சொல்பவன் மதிகேடன் என்பதை வெட்டிவிட்டுப் படிக்கலாமா?

படிகளும் இருக்கின்றன. பிளனேரியா என்ற தட்டைப்புழுவுக்கு வெறும் குழிக்கண். கணவாய்க்கு உறவான, ஓடுள்ள நாட்டிலஸுக்கு லென்ஸே இல்லாத ஊசித்துளைக் கண். 1994இல் சுவீடனில் இரண்டு பேர் கணக்குப் போட்டு, ஒளியை உணரும் தட்டையான தோல்துண்டு மீன் கண்போல் ஆக 4 லட்சம் தலைமுறைகூட வேண்டாம் என்றார்கள். அதை மறுப்பதாக இருந்தால் மறு. இல்லவே இல்லாததுபோல் எழுதாதே.

விழித்திரையைப் பற்றி எழுதிய பகுதி நன்றாக இருக்கிறது. ஒளி வாங்கும் செல்கள் பின்னால் இருப்பது கோளாறு இல்லை, அவற்றின் தேய்ந்த நுனிகளை நிறமி அடுக்கு தின்று சுத்தம் செய்கிறது, பின்னாலிருந்து கோராய்டு என்ற ரத்தக்குழாய் அடுக்கு ரத்தம் ஊட்டுகிறது என்பதெல்லாம் எனக்குப் புதுசு. ஆனால் குருட்டுப் புள்ளி எங்கே போயிற்று? முன்பக்கம் ஓடும் நரம்பிழைகள் வெளியேற விழித்திரையில் ஓட்டை வேண்டும், அந்த இடத்தில் பார்வை கிடையாது. பத்து வயதில் திண்ணையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, தாளில் போட்ட பெருக்கல் குறியையே பார்த்தபடி முகத்தை முன்னும் பின்னும் நகர்த்தினாய். பக்கத்தில் வைத்த நாலணா மறைந்ததும் "அப்பா, காசு போச்சு!" என்று நீ போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஆச்சி ஓடிவந்தாள்.

அப்புறம், பெரியப்பாவுக்கு விழித்திரை விலகியபோது நீதானே படம் போட்டுக் காட்டினாய்? அதுவும் நிறமி அடுக்கும் சும்மா ஒட்டி நிற்பவைதான், கிழிசல் வழியாக நீர் புகுந்தால் அந்த இடுக்கில்தான் பிரியும் என்றாய். நீ கட்டுரையில் புகழ்ந்திருப்பதும் அதே இரண்டு அடுக்கைத்தான்.

இன்று அம்மா கணவாய் வாங்கினாள். அவள் ஆய்ந்துபோட்ட தலையிலிருந்து ஒரு கண்ணை எடுத்து நசுக்கினேன். கண்ணாடி மணிபோல் லென்ஸ் தெறித்து அம்மியடியில் ஓடியது. கணவாய்க்கு நரம்புகள் விழித்திரையின் பின்னால் போகின்றன. குருட்டுப் புள்ளி இல்லை. நமக்கு இல்லாத இந்த வசதி இதற்கு மட்டும் ஏன்? உன்னிடம் பதில் இருந்தால் எழுது, ஆசையாகப் படிப்பேன்.

கட்டுரைக்கு அடியில் உன் பட்டங்கள் ஒரு முழ நீளம். புரை எடுக்க அவை போதும். கண் எப்படி வந்தது என்பது வேறு படிப்பு. ஆனால் இங்கே ஜனங்கள் அந்தப் பட்டங்களைப் பார்த்துத்தான் தலையாட்டுகிறார்கள். அடுத்த இதழில் டார்வினின் அந்த வரியையும் போடச்சொல். அதற்குக் கீழே நீ என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ அம்மா பார்சலில் அனுப்புகிறாள். எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள். என் வலது கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம். இங்கேயே செய்துவிடலாம் என்றார்கள். கிறிஸ்துமசுக்கு மகன் வருகிறான், அவன் செய்வான் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா