அழிக்கும் முன் லிங்க்கை எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். சாதிச் சான்று, பட்டா என்று வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது சைபர் கிரைம் புகார் போட்டுத் தரச் சொல்லியும் வருகிறார்கள். ஆனால் பலர் கையில் ஆதாரம் என்று எதுவுமே இருப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். பெண்ணின் முகத்தை வேறொரு படத்தில் ஒட்டி யாரோ இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் அப்பா பெண்ணின் போனை வாங்கி, வந்த மெசேஜ்களை அழித்து, அவள் கணக்கையே மூடிவிட்டார். புகார்ப் படிவமோ லிங்க் கேட்கிறது, ஸ்கிரீன்ஷாட் கேட்கிறது. அந்தப் போலிக் கணக்கின் பெயர்கூட அவருக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. பெண் கடைசிவரை தலை நிமிரவில்லை. மானம் போகிறதே என்ற பதற்றத்தில் பெற்றவர் அப்படிச் செய்ததை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அழிந்தது நம் பக்கத்து ஆதாரம் மட்டும்தான். போட்டவனிடம் படம் அப்படியே இருக்கிறது.

அதனால் முதலில் அந்தப் பதிவின் லிங்க், போட்டவரின் கணக்கு லிங்க், தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், இவற்றை எடுத்து வையுங்கள். அப்புறம் அந்தச் செயலியிலேயே 'ரிப்போர்ட்' கொடுங்கள். வாட்ஸ்அப் என்றால் சாட்டை அழிக்கும் முன்பே ரிப்போர்ட் செய்ய வேண்டும். அனுப்பியவரின் கடைசி ஐந்து மெசேஜ்கள் அந்த நிறுவனத்துக்குப் போகும். அந்தரங்கப் படம், மார்பிங் படம் என்றால் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். அதை நீக்க 2021 தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகள் முதலில் 24 மணி நேர அவகாசம் தந்தன. 2026 பிப்ரவரி திருத்தத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரம்தான்.

போலீஸ் புகாருக்கு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் பதிவுகளைப் பெயர் சொல்லாமலே அதில் தெரிவிக்கலாம். ஆனால் புகார் என்ன ஆனது என்று பிறகு பார்க்க வேண்டுமானால் போன் நம்பர் கொடுத்துத்தான் பதிய வேண்டும். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நேரில் போவதென்றால், 2019-இல் வேலூர் மூன்று மாவட்டமான பிறகு எந்த ஸ்டேஷன் எல்லை என்று பலர் குழம்புகிறார்கள். குழம்ப வேண்டாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எல்லை எதுவானாலும் புகாரை வாங்கியாக வேண்டும்.

குழந்தைகளின் ஆபாச வீடியோ கண்ணில் பட்டால் மட்டும் சேமிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம், லிங்க் போதும். 'இவனைப் பிடிக்கும்வரை ஷேர் பண்ணுங்க' என்று நல்லெண்ணத்தோடு குரூப்பில் தட்டிவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அதை அனுப்புவதும் குற்றம். அதைவிட, ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அந்தக் குழந்தை இன்னொருவர் கண்ணில் படுகிறது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

மாவட்டக் காவல்துறை இந்த விவரங்களைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு இ-சேவை மையங்களிலும் பள்ளி, கல்லூரிகளிலும் பேருந்து நிலையங்களிலும் ஒட்ட வேண்டும். தாங்களும் உள்ளூர்ப் பக்கத்தில் அடிக்கடி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.