என் கடையின் தளத்தில் நீங்கள் போட்ட டிராக்கிங் ஸ்கிரிப்டை எடுங்கள், பணத்தையும் திருப்பிக் கொடுங்கள்

பெறுநர்: குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: மெட்டா பிக்சலை (பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்காகத் தளத்தில் போடும் டிராக்கிங் கோட்) தவறாகப் போட்டது, எடுக்க மறுப்பது, பிளானை ஏமாற்றி விற்றது, உங்கள் ஊழியர் மரியாதைக் குறைவாகப் பேசியது

வணக்கம்.

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கிறேன். என் ஆன்லைன் கடை உங்கள் சேவையில்தான் ஓடுகிறது. ஆண்டுச் சந்தாவும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் கட்டியிருக்கிறேன். சாட்டில் எழுதிப் பார்த்தேன், டிக்கெட் போட்டேன், போனில் உங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டே காத்திருந்தேன், நேரிலும் அலைந்தேன். இனி உங்கள் ஆள் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதனால் எல்லாவற்றையும் இதிலேயே எழுதுகிறேன், தயவுசெய்து முழுதாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். "கேஷ் கிளியர் பண்ணிட்டு இன்காக்னிட்டோல பாருங்க" என்று மறுபடியும் பதில் வந்தால் அடுத்த கடிதம் உங்களுக்கு வராது, வேறு இடத்துக்குப் போகும்.

பிக்சல் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, நீங்கள்தான் அதை வைத்து பிளான் விற்கிறீர்கள். இருந்தாலும் உங்கள் ஊழியர்கள் போட்ட போட்டில் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அடிப்படை கோட் எல்லாப் பக்கத்திலும், ஹெட் பகுதிக்குள் இருக்க வேண்டும். யார் வந்து எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்று அது சொல்லும். 'பர்சேஸ்' என்ற அந்த ஒரு வரி மட்டும் ஆர்டர் முடிந்து நன்றி சொல்லும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், சேலை என்ன விலைக்குப் போனது என்ற தொகையோடும், ரூபாய் என்ற குறிப்போடும். அதை வைத்துத்தான் விளம்பரம் யாருக்குக் காட்டினால் வாங்குவார்கள் என்று மெட்டாவின் சிஸ்டம் கற்றுக்கொள்ளும். இதுதான் நான் கேட்டது. இவ்வளவுதான் கேட்டேன்.

என் தளத்தில் உங்கள் 'கூடுதல் கோட்' பெட்டியில் அடிப்படை கோடை நானே ஒட்டினேன், சரியாக வேலை செய்தது, குரோமில், பிக்சல் ஓடுகிறதா என்று காட்டும் பிக்சல் ஹெல்ப்பர் போட்டுப் பார்த்தும் சரிபார்த்தேன். ஆனால் வாடிக்கையாளர் 'வாங்கு' அழுத்தியதும் செக்கவுட், அதாவது பணம் கட்டி ஆர்டரை முடிக்கும் பக்கம், உங்கள் சொந்த டொமைனுக்குப் போய்விடுகிறது. அங்கே நான் போட்ட எதுவும் ஓடுவதில்லை. ஆர்டர் வருகிறது, விளம்பரக் கணக்கில் விற்பனை பூஜ்யம். இதற்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

முதலில் பேசியவர் "பெரிய பிளானுக்கு மாறினால் செக்கவுட்டிலும் கோட் போடலாம்" என்றார். மாறினேன். 7,200 ரூபாய் கூடுதல், அதற்கும் ஜிஎஸ்டி. மாறிய பிறகு இன்னொருவர் "எந்த பிளானிலும் செக்கவுட்டில் கை வைக்க முடியாது மேடம், அது செக்யூரிட்டி" என்கிறார். அப்படியானால் முதலாமவர் எதை விற்றார்? அவர் சொன்ன சாட் என்னிடம் இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.

இங்கேதான் அந்தப் போன்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிக்கெட்டை மேலே அனுப்புகிறோம் என்று சொன்ன பிறகு உங்கள் 'சீனியர் டெக்னிக்கல்' ஆள் என்னைக் கூப்பிட்டார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, உங்கள் பதிவில் இருக்கும். செக்கவுட் தனி டொமைனில் இருக்கிறது, அதனால்தான் விற்பனைத் தகவல் மெட்டாவுக்குப் போகவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து, "மேடம், இது ஹெட் செக்ஷன், பாடி செக்ஷன்னு டெக்னிக்கலா போகும், உங்களுக்குப் புரியாது, வீட்டுல ஜென்ட்ஸ் யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்றார். என் வீட்டில் ஜென்ட்ஸ் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்ப அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கடை என் பெயரில், ஜிஎஸ்டி எண் என் பெயரில், உங்களுக்குப் பணம் போனது என் வங்கிக் கணக்கிலிருந்து. பணம் கட்டும்போது மட்டும் ஜென்ட்ஸ் வேண்டாமா?

அதே ஆள்தான் என் தளத்தில் கை வைத்தார். "நானே போட்டுட்டேன், இனிமே பிரச்சினை வராது" என்று வைத்துவிட்டார். வராதாம்! அவர் செய்தது என்ன தெரியுமா? அடிப்படை கோடோடு பர்சேஸ் வரியையும் சேர்த்து தீம் கோப்பின் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்பு) ஹெட் பகுதியில், அதாவது எல்லாப் பக்கத்திலும் வரும்படி ஒட்டியிருக்கிறார். ஏற்கனவே நான் போட்டது பெட்டியில் இருக்கிறது, அதையும் பார்க்கவில்லை. ஆக, ஒரு பக்கம் திறந்தால் பிக்சல் இரண்டு முறை அடிக்கிறது, கூடவே ஒரு விற்பனையும் பதிவாகிறது. அரக்குக் கலர் சேலையைத் திறந்து பார்த்தால் விற்பனை. 'எங்களைப் பற்றி' பக்கத்தைத் திறந்தால் விற்பனை. திருப்பி அனுப்பும் விதிமுறையைப் படித்தால் கூட விற்பனை. தொகை 0.00, நாணயம் அமெரிக்க டாலர். மெட்டாவின் மாதிரி கோடில் இருக்கிற அந்தப் பூஜ்யத்தையும் டாலரையும் மாற்றக் கூட அவருக்குத் தோன்றவில்லை, அப்படியே காப்பி எடுத்து ஒட்டிவிட்டார். நிஜமாக விற்பனை நடக்கும் செக்கவுட் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

இதன் விளைவு என்ன என்று உங்களுக்குத் தெரியும். வாரத்துக்குச் சுமார் 50 விற்பனை வந்தால்தான் ஒரு விளம்பரம் கற்றுக்கொள்ளும் கட்டத்தைத் தாண்டும். என் போன்ற சின்னக் கடைக்கு அது எளிதில் வராது. உங்கள் ஆள் புண்ணியத்தில் பொய் விற்பனைகளாகக் கொட்டி ஒரே நாளில் தாண்டிவிட்டது, தாண்டி, சும்மா புரட்டிப் பார்ப்பவர்களைத்தான் தேடித் தேடிப் பிடித்தது, ஏனென்றால் பார்த்தாலே வாங்கியதாக நாம்தானே அதற்குச் சொல்லியிருக்கிறோம். தினம் 700 ரூபாய் வீதம் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் முழுக்க அந்தப் பணம் போனது. கண்டாங்கிக்கு வருடத்தில் இதுதான் சீசன். நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்து, கட்டம் போட்ட சேலைகளை, மஞ்சளும் அரக்குமாக, அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் தேடி வாங்கும் சேலை இது. என் தொழிலையே நாசம் செய்துவிட்டீர்கள். லட்சக்கணக்கில் நஷ்டம், வருடக்கணக்கில் சேர்த்த பேர் போனது, இதை நான் சும்மா விடுவதாக இல்லை.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். ஆனால் வாபஸ் வாங்கப் போவதில்லை.

தயவுசெய்து எனக்கு ஐபோன் பாடம் எடுக்காதீர்கள். உங்கள் சாட்டில் ஒருவர் அதையும் எடுத்தார். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்ததிலிருந்து ஐபோனில் டிராக்கிங் வேண்டாம் என்று அழுத்தியவர்கள் கணக்கில் சரியாக வரமாட்டார்கள், தெரியும். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் வரமாட்டார்கள், தெரியும். யுபிஐயில் பணம் கட்டிவிட்டு நன்றிப் பக்கத்துக்குத் திரும்பாமல் அப்படியே ஆப்பை மூடிவிட்டுப் போகிறவர்கள் நம் ஊரில் நிறைய, அதுவும் தெரியும், அதற்காகத்தான் சர்வரிலிருந்தே தகவல் அனுப்பும் கன்வர்ஷன்ஸ் ஏபிஐ இருக்கிறது. பத்துக்கு ஒன்றிரண்டு விட்டுப்போனால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பத்தும் விட்டுப்போய், நடக்காத விற்பனை நூற்றுக்கணக்கில் ஏறினால் அதற்கு ஆப்பிளா காரணம்?

இதில் உச்சம் இனிமேல்தான். இவ்வளவு பேர் முடியாது முடியாது என்றார்களே, உங்கள் உதவிப் பக்கத்தை ஒரு ராத்திரி நானே உட்கார்ந்து துழாவினேன். அமைப்புகளுக்குள், மார்க்கெட்டிங் என்ற இடத்தில், பிக்சல் எண்ணை மட்டும் போடுவதற்கு ஒரு பெட்டி இருக்கிறது! எண்ணைப் போட்டால் போதும், செக்கவுட் உட்பட எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும், தொகையும் ரூபாயில் தானாகப் போகும் என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். பழைய சின்ன பிளானிலேயே அந்த வசதி உண்டு என்றும் அங்கேயே போட்டிருக்கிறது. உங்கள் சரக்கில் என்ன இருக்கிறது என்று உங்கள் ஆட்களுக்கே தெரியாதா? அல்லது தெரிந்துதான் பெரிய பிளானைத் தலையில் கட்டினீர்களா? இரண்டில் எது என்று பதிலில் தெளிவாக எழுதுங்கள்.

நான் எண்ணைப் போட்டேன். பெட்டியில் இருந்த என் பழைய கோடையும் எடுத்துவிட்டேன். உங்கள் ஆள் தீம் கோப்பில் ஒட்டியது மட்டும் அங்கேயே இருக்கிறது. அந்தக் கோப்பைத் திறக்க எனக்கு அனுமதி கிடையாது, உங்கள் பக்கத்திலிருந்துதான் எடுக்க முடியும். எடுங்கள் என்று கேட்டால், "தீம் மாற்றங்களுக்கு எங்கள் சப்போர்ட் பொருந்தாது, டெவலப்பரை வைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில். ஒட்டியது யார்? பூட்டி வைத்திருப்பது யார்? டெவலப்பருக்கு மட்டும் நான் காசு கொடுக்க வேண்டுமா?

இதற்காக மதுரைக்கு வேறு அலைந்தேன். "எங்கள் அங்கீகரிக்கப்பட்ட பார்ட்னர் நேரிலேயே சரிசெய்து தருவார்" என்று நீங்கள் அனுப்பித்தான் போனேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, காலையிலேயே பஸ் பிடித்து, கடையைப் பூட்டிவிட்டு. சுவரில் 'ஒரே கிளிக்கில் விளம்பர இணைப்பு' என்று ஆளுயரப் போஸ்டர். கீழே உட்கார்ந்திருந்த தம்பி நல்ல பையன், அவனைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தான், "உக்காருங்கக்கா" என்றான், பிறகு தன் போனில் யூடியூபைத் திறந்து பிக்சல் போடுவது எப்படி என்ற இந்தி வீடியோ ஒன்றை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே என் லேப்டாப்பில் மவுஸை நகர்த்தினான். பாதியில் நிறுத்தி, "அக்கா, எங்களுக்கும் உங்க தீம் ஃபைல் தெறக்காது, நாங்க சேல்ஸ் மட்டும்தான், டிக்கெட் போட்டுருங்க" என்றான். டிக்கெட் போடச் சொல்வதற்கு மதுரை எதற்கு? பஸ் கட்டணம், ஒரு நாள் வியாபாரம், அன்றைக்கு வந்த கூரியர் வேறு திரும்பிப் போனது.

ஊர் வந்து சேர்வதற்குள் அந்த டிக்கெட்டையும் மூடிவிட்டீர்கள். "உங்கள் பிரச்சினை தீர்ந்ததாகக் கருதுகிறோம், எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார்?" தீரவில்லை. நான் சொல்லாமல் எப்படித் தீர்ந்தது?

சரி, எனக்கு என்ன வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். தீம் கோப்பில் இருக்கும் அந்தத் துண்டை உடனே எடுத்து, எடுத்த பிறகு ஒரு சோதனை ஆர்டர் போட்டு, ஒரே ஒரு விற்பனை ரூபாயில் பதிவாகிற ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்ப வேண்டும். தேவையில்லாமல் வாங்க வைத்த பிளானின் 7,200 ரூபாயும் ஜிஎஸ்டியும் என் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும், உங்கள் வாலட்டில் 'கிரெடிட்' என்று போட்டு ஏமாற்ற வேண்டாம். பொய் விற்பனையை நம்பி எரிந்துபோன விளம்பரப் பணத்துக்கும் நஷ்டஈடு வேண்டும், பில்கள் இணைப்பில் இருக்கின்றன. அப்புறம் அந்தப் போன்கால். "தரத்துக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவை உங்கள் மேலாளர் ஒருவர் உட்கார்ந்து கேட்கட்டும். கேட்டுவிட்டு அந்த ஆள் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் கணவருக்கு இல்லை, எனக்கு.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்று குறைதீர் அலுவலருக்குப் பொறுப்பு வைத்திருக்கிறது. அதுவரை பொறுமையாக இருக்கிறேன், எனக்கும் சண்டை போட ஆசையில்லை, சேலை விற்க வேண்டும். பதில் இல்லையென்றால் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண், அப்புறம் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் இருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தால் எனக்கென்ன, நீங்கள்தான் இங்கே வர வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கூடக் கிடையாது. "வணிகத்துக்காக வாங்கியது, நுகர்வோர் ஆக மாட்டீர்கள்" என்று உங்கள் வக்கீல் சொல்வார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தில் இருக்கிறது, அதையும் அவரிடம் காட்டிவிடுங்கள்.

பதிலை இமெயிலில் மட்டும் அனுப்புங்கள், போன் வேண்டாம். உங்கள் சந்தாவுக்கு நான் கொடுத்திருந்த ஆட்டோபேயையும் யுபிஐ ஆப்பில் நிறுத்திவிட்டேன். பணம் போகவில்லை என்று காரணம் காட்டித் தளத்தை மூடிவிடாதீர்கள், நடப்புச் சந்தா மார்ச் வரை கட்டியாயிற்று, ரசீது கடைசி இணைப்பில் இருக்கிறது.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
காரைக்குடி

இணைப்பு: சாட் ஸ்கிரீன்ஷாட்கள், பிக்சல் ஹெல்ப்பர் காட்டும் இரட்டைப் பதிவு, விளம்பரச் செலவு பில்கள், பிளான் மாற்றிய ரசீது, நடப்புச் சந்தா ரசீது