செட்டித் தெருவில் ஒரு கோபுரம்

அன்புள்ள சாத்தப்பா,

திட்டுவதானால் இப்போதே திட்டிவிடு. மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை, ஒரு போனும் செய்யவில்லை. பாஸ்கர் வந்து கோந்து பாட்டில் கதையை மறுபடியும் அவிழ்த்துவிட்டானாமே, அந்த மட்டில் தப்பித்தேன். ஆச்சியை விசாரித்ததாகச் சொல்.

மயிலாப்பூரில் பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. சுற்றிலும் வீடு, மெஸ், ஜெராக்ஸ் கடை. வரைவதற்கு முன்னால் பார்த்துவிட்டு வரலாமென்று சிங்கப்பூர் போனேன். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கேபிட்டாஸ்பிரிங் என்று 280 மீட்டர் கோபுரம், 51 மாடி, 2021-ல் முடித்தது. நடுவில் நாலு மாடி உயரத்துக்குத் தோட்டம். வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். நான் இரண்டாம் தளத்திலேயே நின்றுவிட்டேன். அங்கேயும் மூன்றாம் தளத்திலும் சாப்பாட்டுக் கடைகள். முன்பு அந்த இடத்தில் இருந்த கார் நிறுத்தக் கட்டடத்திலும் இப்படிக் கடைகள் இருந்தன. 2017-ல் அதை மூடியபோது பக்கத்திலேயே தற்காலிகக் கூடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கழுத்தில் அட்டை தொங்கும் ஒரு பெண் மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு வரிசைக்குப் போனாள். நம் பஸ்ஸில் துண்டு போடுவோமே, அதே சட்டம்தான்!

உங்கள் ஐயா கணக்கெழுதிய செட்டித் தெருவும் அந்த மார்க்கெட் ஸ்ட்ரீட்தானடா. செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகளை எழுபதுகளில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பகலில் பெட்டகத்தின் முன்னால் தொழில், ராத்திரி பாய், சமையல், எல்லாம் ஒரே கூரைக்குள். இந்தக் கோபுரத்திலும் ஆபீஸ், தங்கும் அறைகள், சாப்பாடு. கிட்டங்கியை நிமிர்த்தி வைத்த மாதிரிதான் இருந்தது எனக்கு.

இங்கே கதை வேறு. கிளையன்ட்டுக்குச் சுற்றுச்சுவர் வேண்டும், கீழ்த்தளம் முழுக்கக் கார் நிற்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் வேறு ஒருவருக்கு அப்படியே வரைந்து கொடுத்தவன்தான் நான். போன வாரம் ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் பழைய கட்டடம் இருக்கும் தெரு வழியாக வந்தேன். டீக்கடை இல்லை, வெளிச்சம் இல்லை. செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வேகமாக நடந்து போனாள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மயிலாப்பூர் மனையின் வாசலில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. அளக்கப் போன அன்று அந்த ஆள் கேட்டார்: "சார், வண்டி எங்கே நிக்கும்?" நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றேன்.

முன்னால் விட வேண்டிய இடத்தில், வேப்பமரத்தடியில், ஆறடிக்கு நாலடி வரைந்திருக்கிறேன். பெயர் எழுதவில்லை. கிளையன்ட் வெள்ளிக்கிழமை வருகிறார்.

உங்கள் வீட்டில் கிட்டங்கிப் படம் ஒன்று மாட்டியிருந்ததே, அதை உடனே போட்டோ எடுத்து அனுப்பு.

உன்,
ரகு