ஆனாடெயும் ஆனாவும்

ரங்கூன்
மாசி கடைசி

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் கடிதம் வந்தது தீபாவளிக்கு. இப்போ மாசி முடியப் போகுது. திட்ட வேண்டியதையெல்லாம் திட்டி முடிச்சுட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சுகம். பட்டாணி வழக்கம்போல பெகுவுக்கும் ரங்கூனுக்கும் நடுவுல எங்கேயோ இருக்கான். நம்ம டீச்சர் பெரிய சயாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. இனிமே நம்ம எழுத்துப்பிழை ஒண்ணுகூடத் தப்பாதாம், ஜாக்கிரதை. சுகசேதி அவ்வளவுதான்.

திஞ்சான் தண்ணித் திருவிழாவுக்கும் பள்ளிக்கூடம் திறக்கறதுக்கும் நடுவுல கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வச்சு, படிச்ச கதைப்புத்தகத்தைப் பத்திக் கருத்துச் சொல்ல வைக்கணும், எப்படின்னு ரெண்டு வரி எழுதுன்னு கேட்டிருந்தே. ரெண்டு வரியில அடங்கற விஷயமாடி இது?

முதல்ல ஒரு கேள்வியை உன் நாக்கிலிருந்து எடுத்துடு: "இந்தக் கதையோட நீதி என்ன?" இதைக் கேட்ட நிமிஷமே கூட்டம் முடிஞ்சது. "பொய் சொல்லக் கூடாது"ன்னு எட்டுக் குரல் ஒண்ணா வரும், ராகத்தோட. பள்ளியில சேர்ந்து ஓங்கிச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணிப் பழகின பிள்ளைங்க. போதாததுக்கு புத்தரோட முற்பிறவியைச் சொல்ற ஜாதகக் கதை கேட்டு வளர்ந்த ஊரு. கதைன்னா கடைசியில ஒரு பாடம் இருக்கும், பெரியவங்க அதைத்தான் கேப்பாங்கன்னு அதுகளுக்கு அத்துப்படி. புத்தகத்தைத் திறக்காமலே நீதி சொல்லிடலாம். பிடிக்கலைன்னு சொல்லணும்னா படிச்சிருக்கணும்.

"கதையைச் சொல்லு" அடுத்த பொறி. ஒரு பிள்ளை ஆரம்பிச்சா "அப்புறம்… அப்புறம்…"னு பத்து நிமிஷம் போகும், மத்ததுங்க பல்லியைப் பார்க்கும். கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. அதனால ஆளுக்கொரு புத்தகம்கிற ஆசையை விடு. ஒரே புத்தகம், நாலஞ்சு பிரதி, ரெண்டு பேருக்கு ஒண்ணு. ஒரே பக்கத்தைப் பார்த்து ஒருத்தன் சிரிச்சு ஒருத்தி முகம் சுளிச்சாத்தான் பேச்சு பிறக்கும்.

பிரதிக்கு எங்கே போறதுன்னு கேப்பே. பெங்களூர் பிரதம் புக்ஸ்காரங்க 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைங்க ஏராளம். காசு இல்லை. எழுதினவங்க பேரைச் சொல்லி அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கவும் அனுமதி உண்டு. நாலு படி பிரிச்சிருக்காங்க: முதல் படி 250 சொல்லுக்குள்ள, ரெண்டாவது 600 வரைக்கும், மூணாவது 1500 வரைக்கும், நாலாவது அதுக்கும் மேலே. பிள்ளையால எந்தப் படி படிக்க முடியுமோ அதுக்கு ஒரு படி கீழே எடு. எழுத்துக்கூட்டறதுலயே மூச்சு வாங்கினா கருத்துக்கு எங்கே தெம்பு இருக்கும்? பதினோரு வயசுப் பையன் "இது பாப்பா புக்கு"ன்னு மூஞ்சியைத் தூக்குவான். அவன்கிட்ட, "ஆறு வயசுப் பிள்ளைக்கு இது ஒத்து வருமா, நீ பார்த்துச் சொல்லு"ன்னு கொடு. நீதிபதி மாதிரி ஒரு சொல் விடாம படிப்பான். பர்மியப் புத்தகம் பக்கத்துல வச்சுக்கணும்னா ஏசியா ஃபவுண்டேஷனோட லெட்ஸ் ரீட் தளம் இருக்கு.

அச்சடிக்கறதுல எங்கே சறுக்கும்னு சொல்லிடறேன். ஏ4 தாளை நடுவுல மடிச்சா நாலு பக்கம். 16 பக்கக் கதைக்கு நாலு தாள். பக்க எண்ணிக்கை நாலால வகுபடலைன்னா கடைசியில வெத்துப் பக்கம் விழும், விழட்டும், அதுல எழுதலாம். ரெண்டு பக்கமும் அடிக்கும்போது தாளோட குட்டையான ஓரத்துப் பக்கமா திருப்பச் சொல்லணும். கடைக்காரர் பழக்கத்துல நீளமான ஓரத்தை வச்சா ஒண்ணுவிட்டு ஒரு பக்கம் தலைகீழா நிக்கும். முதல்ல ஒரே ஒரு பிரதி அடிச்சு மடிச்சுப் பார்த்துட்டு மிச்சத்தை அடி, அதுவும் கரண்ட் இருக்கற நேரமாப் பார்த்து. கறுப்பு வெள்ளையில அடிக்கறதா இருந்தா, சிவப்புப் பலூனைத் தேடற மாதிரி கதையே நிறத்துல தொங்கற புத்தகம் வேண்டாம். சாம்பல் பலூனுங்களுக்கு நடுவுல சாம்பல் பலூனை யாரு கண்டுபிடிக்கறது?

ஸ்டேப்ளர் நடுமடிப்புக்கு எட்டாது. ஊசி நூல் போதும். மடிப்புல மூணு ஓட்டை போடு. உள்ளேயிருந்து நடு ஓட்டை வழியா வெளியே வா, மேல் ஓட்டையில உள்ளே போ, நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டையில வெளியே வா, மறுபடியும் நடுவுல உள்ளே போ. ரெண்டு நூல் முனையும் நடுவுல கிடக்கற நீளத் தையலுக்கு ரெண்டு பக்கமும் இருக்கட்டும், அதைச் சேர்த்துப் பிடிச்சு முடிச்சுப் போடு. மழைக்காலம் வந்தா பூசணம் பிடிக்கும், நிழல்ல உலர்த்து. வெயில்ல வச்சா தாள் நெளிஞ்சு போகும்.

எட்டுப் பேர் போதும். வட்டமா உட்கார வை, நீயும் தரையில. பத்து நிமிஷம் சத்தமாப் படிக்கறது, ரெண்டு நிமிஷம் யாரும் வாயைத் திறக்காம புத்தகத்தைப் புரட்டறது, இருபத்தஞ்சு நிமிஷம் பேச்சு, மிச்சம் எட்டு நிமிஷம் எழுத. அந்த ரெண்டு நிமிஷ மௌனம் உனக்குத்தான் கஷ்டம், எனக்குத் தெரியும். பல்லைக் கடிச்சுக்கோ. அது இல்லைன்னா கெட்டிக்காரப் பிள்ளை சொன்னதையே மத்ததும் திருப்பிச் சொல்லும்.

பேச்சுக்கு ஆளுக்கு மூணு புளியங்கொட்டை. ஒரு தடவை பேசினா ஒண்ணை நடுவுல போடணும். கை காலியானா, எல்லாரும் காலியாகற வரைக்கும் கேக்கணும். எட்டு மூணு இருபத்துநாலு, ஆளுக்கு ஒரு நிமிஷம்னா இருபத்தஞ்சுக்குள்ள அடங்கும். பன்னண்டு பேர் வந்துட்டா ரெண்டு கொட்டையாக் குறை. வாயாடிப் பையன் முதல் நாள் மூணையும் ஒரே மூச்சுல தொலைச்சுட்டு முழிப்பான். மூணாம் நாள் பாரு, கடைசிக் கொட்டையைக் கையில இறுக்கிப் பிடிச்சு எங்கே போடலாம்னு கணக்குப் போடுவான். கூச்சப் பிள்ளை வாயைத் திறக்காட்டியும் பிடிச்ச படத்து மேல கொட்டையை வைக்கட்டும், அதையும் கணக்குல சேர்.

கேள்வி நாலுதான். எய்டன் சேம்பர்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர், ஆசிரியரா இருந்தவர், வகுத்துக் கொடுத்தது: எது பிடிச்சது, எது பிடிக்கலை, எது புரியலை, எது எதோட ஒத்துப்போகுது. "ஏன்?"னு கேக்காதேன்னும் அவர் சொல்றார். நம்ம ஊர்ல "ஏன்"னாலே குற்ற விசாரணைதானே? "இன்னும் கொஞ்சம் சொல்லேன்"னு கேளு, வரும்.

ரெண்டாவது கேள்வியிலதான் நம்ம பிள்ளைங்க முட்டுவாங்க. காரணம் உனக்கும் தெரியும். ஆனாடெ, இந்த ஊர்க்காரங்க சொல்ற அந்தக் கூச்சம். யாரோ ஆசையாக் கொடுத்த புத்தகம், டீச்சர் தேடி எடுத்தது, பிடிக்கலைன்னு சொன்னா அவங்க மனசு நோகுமேன்னு "கவுண்டே", நல்லா இருக்குன்னு தலையாட்டிட்டு வாயை மூடிக்குவாங்க. நாங்க இதுக்கு ஒரு விளையாட்டு வச்சிருக்கோம். "கதை நல்லா இருந்துச்சு"ன்னு யாரு ஆரம்பிச்சாலும் மத்தவங்க எல்லாரும் சேர்ந்து "ஆனா…?"ன்னு இழுக்கணும். அவங்க முடிக்கணும். ஆனாடெ வாசல்ல செருப்போட இருக்கட்டும், ஆனா மட்டும் உள்ளே வரட்டும்னு ஒரு சட்டம். ரெண்டு மொழியும் தெரிஞ்ச பிள்ளைங்களுக்கு இது அப்படி ஒரு சிரிப்பு! சிரிச்சதும் பயம் போயிடும். இன்னும் தைரியம் வேணும்னா, "எந்தப் பக்கத்தைக் கிழிச்சா கதை நல்லாயிடும்?", "இந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுக்க மாட்டே?"ன்னு கேளு. நேரா "குறை சொல்லு"ன்னா நெளியும், கிழிக்கச் சொன்னா உடனே கை தூக்கும்.

பாட்டி வடை சுட்ட கதையையே இப்படிக் கேட்டுப் பாரு. (வடைன்னா என்னன்னு முழிக்கற பொடிசுக்குப் பயாஜோன்னு சொல்லிடு.) காக்கா எடுத்தா திருட்டு, நரி எடுத்தா தந்திரமா? வடை போன பாட்டியைப் பத்தி யாருமே ஏன் பேசலை? இந்த இடத்துக்கு ஒரு வட்டம் வந்து சேர்ந்துட்டா அன்னைக்கு நீ வீட்டுக்குப் போகலாம்.

நாலாவது கேள்விக்கு நம்மகிட்ட இருக்கற சொத்து வேற யாருக்கு இருக்கு? நம்ம நிலாவுல பாட்டி வடை சுடறா. இந்த ஊர் நிலாவுல தாத்தா நெல்லுக் குத்தறார், பக்கத்துல முயல் தவிடு தின்னுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு நீ சும்மா இரு. ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வச்சு, தாத்தா குத்தின அரிசியில பாட்டி இட்லி அவிக்கற வரைக்கும் போவாங்க.

அடுத்த தொல்லை, சொல். அதுங்ககிட்ட இருக்கறது "சூப்பர்", "போர்", இல்லைன்னா பர்மியத்துல "பியின்டே", அதாவது அலுப்பு. பிள்ளைக்குக் கருத்து இல்லைன்னு நினைச்சுடாதே, அதைச் சொல்லத் தமிழ்ல சொல் பத்தலை. சுவத்துல ஒரு பெரிய தாள் ஒட்டி வாரத்துக்கு மூணு சொல் ஏத்து: இழுவையா இருந்துச்சு, சப்புன்னு முடிஞ்சுது, நம்பற மாதிரி இல்லை, பக்குன்னு ஆச்சு, பாவமா இருந்துச்சு, அவசரமா முடிச்சுட்டாங்க, முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. "முன்னாடியே தெரிஞ்சுபோச்சு" ஒண்ணு கிடைச்சா போதும், எல்லாக் கதை மேலயும் போட்டுத் தாளிப்பாங்க. ஒரு மாசம் பொறுத்துக்கோ. நடுவுல பர்மியச் சொல் விழுந்தா தடுக்காதே. சொல்லி முடிச்சப்புறம், இதைத் தமிழ்ல யாராவது சொல்றீங்களான்னு கேளு. பாதியில திருத்தினா அந்தப் பிள்ளை அன்னைக்கு மறுபடி பேசாது.

"சென்றான், உரைத்தான்"னு அச்சுல வர்ற தமிழைப் பார்த்து மிரளுவாங்க. அதுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. பர்மியப் பாடப்புத்தகத்துல வாக்கியம் "தி"ன்னு முடியும், வாயில "டெ"ன்னுதானே பேசறோம்? அதே மாதிரி தமிழ்லயும் எழுத ஒண்ணு, பேச ஒண்ணுன்னு சொல்லிடு. ஒரு நிமிஷத்துல விளங்கிடும். நாம நாலு வருஷம் முழிச்ச விஷயம்.

ஒண்ணு மட்டும் நீ தயாரா இருக்கணும். கெட்டவன், அரக்கன், திருடன்னா கன்னங்கரேல்னு வரையற புத்தகங்க இன்னும் நிறைய இருக்கு. தெருவுல இந்தியர்களை இளக்காரமா "கலா"ன்னு கூப்பிடக் கேட்டு வளர்ற பிள்ளைங்க அந்தப் பக்கம் வந்ததும் கப்சிப்னு ஆயிடும். அவசரமாப் பக்கத்தைப் புரட்டாதே. "நாமெல்லாம் அழகுதான்"னு பிரசங்கமும் பண்ணாதே. "இந்த ஆளை வேற எப்படி வரைஞ்சிருக்கலாம்?"னு கேட்டு, வெத்துத் தாளும் எல்லா நிறக் கிரேயானும் கொடு. பழுப்பு நிறம் நாலு குச்சி அதிகமா வச்சிரு, அதுதான் முதல்ல தீரும். ராஜாவையும் இளவரசியையும் அந்த நிறத்துல வரைஞ்சு நீட்டுவாங்க. வாங்கிச் சுவத்துல ஒட்டு, வேற எதுவும் பேச வேண்டாம். எழுதும்போதே கை நின்னு நின்னு போகுது, இதுக்கு மேல நேர்ல பேசுவோம்.

வீட்டுக்குப் புத்தகம் அனுப்பு. 1965ல தனியார் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கிட்டப்புறம் வளர்ந்தவங்கள்ல எத்தனையோ பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால பிள்ளைதான் பாட்டிக்கோ அம்மாவுக்கோ படிச்சுக் காட்டணும். அவங்க சொன்ன ஒரே ஒரு கருத்தை அடுத்த வாரம் கொண்டு வரணும், பிள்ளையோட கருத்துக்கு எதிரா இருந்தா ரெண்டு கொட்டை கூடுதல். பாட்டியும் பேத்தியும் சண்டை போட்ட கதைதான் வகுப்புல நல்லா ஓடும். ஆனா பெத்தவங்களை வட்டத்துக்குள்ள உட்கார விடாதே. "நல்லாச் சொல்லுடா"ன்னு பின்னாலயிருந்து ஒரு குரல் வந்தா நீதி திரும்பி வந்துடும், ராகத்தோட. பரிசும் வேண்டாம். பரிசுன்னு சொன்னா உனக்குப் பிடிச்ச கருத்து எதுன்னு ஒரே வாரத்துல கண்டுபிடிச்சு அதையே கொடுப்பாங்க.

எழுதறதுக்கு ஏ4ல கால் தாள் போதும். புத்தகப் பேரு, ஒரு நல்ல வரி, ஒரு "ஆனா" வரி, ஒரு படம். அரைத் தாள் கொடுத்தா கதைச் சுருக்கம் எழுத ஆரம்பிச்சுடும். பிழையைச் சிவப்புல திருத்தாதே, பெரிய சயாமா கண்ணுலயும் காட்டாதே.

எந்தக் கதை எடுத்தேன்னு எழுது. உன் மோல்மேன் பிள்ளைங்க எந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னாங்கன்னு மறக்காம எழுது, இங்கே பந்தயம் நடக்குது.

உன்
ரப்பர்

பி.கு: புளியங்கொட்டையை வறுத்து வைக்காதே. போன தடவை பாதிப் பேச்சுல கொட்டை தீர்ந்து போச்சு, வட்டம் முழுக்கக் கடிக்கற சத்தம்.