40 வளைவுகள்

பொள்ளாச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மாற்றல் கிடைத்து மறுபடி சென்னைக்கே வந்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வால்பாறையை விட்டு இறங்கி எங்களோடு வந்து இரு என்றால் கேட்பதில்லை. அதனால் மாதம் ஒருமுறை நாங்கள் மலையேறுகிறோம்.

மே மாதம் பாப்பாவைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போகப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் உடனே பதில் எழுதுகிறேன். போன தடவை வேனில் அவள் முதலில் உன் கையைக் கடித்தாள், கொஞ்ச நேரம் கழித்து வாந்தி எடுத்தாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிசையைக் கவனித்தாயா?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். நாலைந்து வளைவு தாண்டியதும் என் பையன் முன்சீட்டை உதைப்பான், காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். பாட்டி வீட்டுக்கு வரப் பிடிக்காமல் அடம் பிடிக்கிறான் என்றே இரண்டு வருஷம் நினைத்திருந்தோம். அதட்டியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குப் பசி, தாகம், வயிற்றுப் புரட்டல் எல்லாம் உள்ளே தெளிவாகப் பிடிபடாது என்று அவனுடைய தெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. குமட்டுகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்ல வார்த்தை இல்லை.

அதற்கப்புறம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். உதைப்பதற்கு முன்னால் முணுமுணுப்பது நின்றுவிடுகிறது. அடுத்தடுத்துக் கொட்டாவி விடுகிறான், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறான். மேலுதடு வியர்த்து முகம் வெளுக்கிறது. அப்போதே வண்டியை ஓரங்கட்டி, இறக்கிக் கொஞ்ச நேரம் காற்றில் நிற்க வைத்தால் பல நாள் வாந்தி வராமலே போகிறது. பாப்பாவுக்கு அடையாளங்கள் வேறாக இருக்கலாம். சென்னைக்குள்ளேயே சின்னச் சின்னப் பயணம் போய்க் கண்டுபிடித்து வை.

ரொம்பக் கஷ்டப்பட்டது போன் விஷயத்தில்தான். போனைக் கொடுத்தால் அமைதியாக இருப்பான், ஆனால் அதுவே குமட்டலைக் கூட்டும். வண்டி வளைகிறது என்று உள்காது சொல்கிறது, எதுவும் அசையவில்லை என்று திரையைப் பார்க்கும் கண் சொல்கிறது. அந்தக் குழப்பம்தான் வயிற்றைப் புரட்டுகிறது. பிடுங்கினால் ரகளை. கடைசியில் வழி காட்டியது ரோடுதான். அங்கே வளைவுகளுக்கு எண் போட்ட பலகை வைத்திருக்கிறார்கள், இவனுக்கு எண் என்றால் உயிர். இப்போது தலையைச் சீட்டில் சாய்த்து, நேராக வெளியே பார்த்து, ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்கிறான். 9ஆவது வளைவில் காட்சிமுனை, அங்கே கட்டாயம் இறங்குவோம். 40 வந்தால் வளைவு முடியும் என்று தெரிவதால் பதற்றமும் குறைந்திருக்கிறது. கொடைக்கானல் ரோட்டில் பாப்பாவைக் கிலோமீட்டர் கல்லை எண்ணச் சொல்லிப் பாரேன். போனில் அவளுக்குப் பிடித்த பாட்டை மட்டும் ஓட விடு, படம் வேண்டாம்.

வாசனையையும் பார்த்துக்கொள். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடு என்று எல்லோரும் சொல்வார்கள். இவனுக்கு அந்த வாசனையே ஆகாது. டிரைவரிடம் முதல் நாளே பேசி, வண்டியில் தொங்கும் வாசனை அட்டையையும் சாமி படத்துப் பூவையும் எடுக்கச் சொல்லிவிடுவேன். வெறும் வயிற்றோடு ஏற்றாதே, வயிறு முட்டவும் கொடுக்காதே. இவனுக்கு இரண்டு இட்லி, சட்னி கிடையாது.

வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையை மட்டும் நீயாக வாங்கிக் கொடுக்காதே. ஒரு தடவை கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்தோம். தூங்குவான் என்று பார்த்தால் ராத்திரி முழுக்கக் குதித்தான். சில குழந்தைகளுக்கு அப்படித் தலைகீழாக வேலை செய்யுமாம். பாப்பா ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு சேர்ந்தால் தூக்கம் அளவுக்கு மீறவும் கூடும். அவளுடைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரைக் கேள். அவர் எழுதிக் கொடுத்தால், லீவு நாளில் வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாமா என்றும் கேள். வண்டி ஏறும் முன்பே கொடுக்க வேண்டியது அது, வாந்தி தொடங்கின பிறகு கொடுத்துப் பிரயோஜனம் இல்லை.

வாந்தியைவிட அந்த ஈரச் சட்டைதான் இவனைக் கலங்கடித்தது. அதற்கப்புறம் மூன்று மாதம் அந்தக் காரில் ஏறவே மாட்டேன் என்றான். அதனால் அதே நிறத்தில் அதே துணியில் இன்னொரு டி-ஷர்ட் எப்போதும் பையில் இருக்கும். வாந்தி வந்தால் கவரைப் பிடிக்க வேண்டும் என்று படம் வரைந்து, வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்கினோம். போன மாதம் 31ஆவது வளைவில் அவனாகவே கவரைக் கேட்டுக் கை நீட்டினான். நான் அழுதுவிட்டேன், மல்லிகா.

சென்னையிலிருந்து மொத்தத் தூரமும் வேனில் வேண்டாம். ராத்திரி ரயிலில் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் வரை போய், குளித்து ஓய்வெடுத்துவிட்டு மலையேறுங்கள். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இந்த வாரமே போட்டுவிடு. படம் வரைந்த அட்டைகளைத் தனித் தபாலில் அனுப்புகிறேன். பாப்பாவுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று எழுது.

அன்புடன்,
உன் சாந்தி